ஒரு சாண் மாயாபஜார்

1957-இல் வெளியான ‘மாயாபஜார்’ படத்தில் துவாரகை நகரம் திரையில் நிற்பது சிறிது நேரம்தான். மாடங்களும் வீதிகளுமாக விரியும் அந்த நகரம் 50 அடிக்கு 60 அடி இடத்துக்குள் அடங்கிவிட்ட ஒன்று. கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் ஏறக்குறைய 300 குட்டி வீடுகளைச் செய்து அடுக்கி, அதைக் கண்ணனின் தலைநகராக்கினார்கள். மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா வழியே பார்த்த ஜனங்களுக்கு அது துவாரகையாகவே தெரிந்தது. சென்னைத் திரையுலகம் இன்றும் பெருமையோடு பேசும் பிரம்மாண்டத்துக்கு அடியில் இப்படி ஒரு சின்னஞ்சிறு கைவேலை இருந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் அந்தக் கைவேலையின் ஆயுளும் முடிந்தது. ‘தந்திரக் காட்சி’ என்று டைட்டில் கார்டில் ஒரு வரி போட்டு நாமும் அதைக் கடந்துவிட்டோம். இந்தப் பக்கம், ஒவ்வொரு புரட்டாசியிலும் அதே வேலையை நம் வீடுகள் வேறு வழியில் செய்துகொண்டிருக்கின்றன. பெரிய உலகத்தைச் சிறிதாக்கி, வண்ணம் தீட்டி, படிப்படியாக அடுக்கி, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். இந்த இரண்டு கைவேலைகளும் ஒன்றுசேர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பழைய படங்களின் காட்சிகளை வண்ணப் பொம்மைகளாகச் செய்து நிறுத்துவது ஒரு படத்தைப் படிப்பதற்கும் பாதுகாப்பதற்கும் உரிய வழி. அதைச் செய்வதற்கான கைகள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலும் அதைச் சுற்றியும் ஏற்கெனவே இருக்கின்றன.

வெளிநாடுகளில் இது வேரூன்றிய பொழுதுபோக்கு. படத்தில் வந்த ஒரு கணத்தை விரல் நீள உருவங்களாகச் செய்து, தரை, சுவர், மரம் எல்லாம் அமைத்து, ஒரு பெட்டிக்குள் விளக்கு வைத்துக் காட்டுவார்கள். ஷெப் பெய்ன் என்ற அமெரிக்கர் இப்படிப்பட்ட பெட்டிக் காட்சிகளை ஒரு கலையாகவே வளர்த்து, அதற்குப் பாடநூலும் எழுதினார். அந்த உலகில் பரவலாகப் புழங்கும் 1/35 என்ற அளவு பிறந்த கதையை ஆவடிக்காரர்கள் ரசிப்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் ‘பேந்தர்’ டாங்கின் பொம்மையைச் செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்கும்படி உடலின் அளவை முடிவு செய்தது. அதுவே பிறகு உலக அளவுகோலாகிவிட்டது. 1961-இல் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது 1965-இல். உண்மையான டாங்க் உருளும் ஊரில் இந்தச் சின்ன உலகத்தை அந்நியமானது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் நாம் ஜப்பானிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நமக்கென்று கொலு இருக்கிறது. கொலுவில் தனி பொம்மையைவிட ‘செட்’டுக்கு மவுசு அதிகம் என்பது கடைக்காரர் எல்லாருக்கும் தெரியும். கல்யாண செட், தசாவதார செட், கிரிக்கெட் செட், ஊர்வல செட் என்று கேட்டு வாங்குகிறார்கள். செட் என்றால் அது ஒரு காட்சி. மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும், பக்கத்தில் புரோகிதர், சற்றுத் தள்ளி நாதஸ்வரமும் தவிலும், இன்னொரு பக்கம் பந்தி. யார் யாரைப் பார்க்கிறார், யார் கை எந்தத் திசையில் நீள்கிறது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது கல்யாணம். மாற்றி வைத்தால் ஏழெட்டு பொம்மைகள் சும்மா நிற்கும். சினிமாவில் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் நடிகர்களை எங்கே நிறுத்துவது என்று பார்ப்பதும், படிக்கு முன்னால் உட்கார்ந்து பொம்மையை அரை அங்குலம் நகர்த்திப் பார்ப்பதும் ஒரே அறிவு. மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022 செப்டம்பர் 30 அன்று, நவராத்திரியின் நடுவில் வெளியானது. அந்த ஆண்டு சோழர் கதை கொலுவுக்கு வந்ததில் வியப்பே இல்லை.

சினிமா கொலுவுக்குள் நுழைந்தது புதுச் செய்தியும் அல்ல. மேல்படியில் நிற்கும் கண்ணனையும் ராமனையும் சற்று உற்றுப் பாருங்கள். அந்த முகங்களும் நகைகளும் நிற்கும் பாவனையும் எங்கிருந்து வந்தன? ரவிவர்மா 1894-இல் தொடங்கிய அச்சகம் தெய்வங்களின் வண்ணப் படங்களை ஏழை வீட்டுச் சுவர் வரைக்கும் கொண்டுசேர்த்தது. அந்த அச்சகத்தோடு தொடர்பு கொண்டிருந்த தாதாசாகேப் பால்கேதான் 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தார். தெற்கே கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டிக்கொண்டிருந்தவர். பிறகு அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் நாள்காட்டிகளாக அச்சாகி ஊரெங்கும் பரவின. நாடக மேடையின் அரண்மனைத் தூணும் பட்டுத் திரையும் முருகனுக்குப் பின்னால் வந்து நின்றது அப்படித்தான். ‘மாயாபஜார்’ வந்த பிறகு என்.டி.ராமராவின் கண்ணனும் நாள்காட்டியில் ஏறினார். அந்த நாள்காட்டியைப் பார்த்து வளர்ந்த கை, பொம்மையின் புருவத்தை வரையும்போது வேறு எந்தப் புருவத்தை வரையும்? ஓவியம், மேடை, திரை, நாள்காட்டி, களிமண் என்று நூறாண்டுக்கு மேலாக ஒரே உருவம் கைமாறிக்கொண்டிருக்கிறது. மேல்படிக்கு வந்து சேர்ந்த சினிமாவைக் கீழ்ப்படியில் வெளிப்படையாக வைக்க நாம் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான்.

சரி, படமே இருக்கும்போது பொம்மை எதற்கு? கைப்பேசியில் ‘மாயாபஜார்’ முழுதாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். இதுதான் முதல் எதிர்க்கேள்வி, நியாயமானதும்கூட. பதிலுக்கு அந்தப் படத்தின் கல்யாண விருந்துக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். எஸ்.வி.ரங்காராவின் கடோத்கஜன், கௌரவர் கூட்டத்துக்காகச் சமைத்து வைத்த விருந்தின் முன் தனியாக உட்கார்ந்து, எல்லாவற்றையும் தானே தின்று தீர்க்கிறான். லட்டுகள் தாமாகவே எழும்பி அவன் வாய்க்குள் போகின்றன. இதைப் பொம்மையாகச் செய்யப்போகிறவர் முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். சாதாரண மனிதன் 4 அங்குலம் என்று வைத்தால் அளவு கிட்டத்தட்ட பதினாறில் ஒன்று. இரண்டடி அகல அண்டா ஒன்றரை அங்குலத்துக்கு வந்துவிடும். இரண்டு அங்குல லட்டு ஒரு ஜவ்வரிசி அளவாகிவிடும். கடோத்கஜனோ மனித அளவில் நிற்பவன் அல்ல. ஒரு சாண் உயரத்தில் உட்காரவைக்கலாம். அந்த ஜவ்வரிசி லட்டுகளை அந்தரத்தில் நிறுத்த வீணைத் தந்தி போன்ற மெல்லிய கம்பி வேண்டும். கம்பி தெரியாமல் இருக்க, பார்ப்பவர் கண் எந்த உயரத்திலிருந்து வரும் என்று கணக்கிட்டு, பின்சுவரின் வண்ணத்தை அதற்கேற்ப இருட்டாக்க வேண்டும். கோகலேயும் பார்ட்லியும் போட்ட அதே கணக்கு இது.

அளவைவிடக் கடினமானது, எந்தக் கணம் என்ற முடிவு. திரையில் பாத்திரங்கள் நிறைந்திருப்பதும் உண்டு, காலியாவதும் உண்டு. பொம்மைக்கு ஒன்றுதான் கிடைக்கும். எல்லாப் பாத்திரமும் நிறைந்திருக்கும்போது நிறுத்தினால் அது ஆசையின் காட்சி. எல்லாம் காலியான பிறகு நிறுத்தினால் அது வெற்றியின் காட்சி. என்னைக் கேட்டால் பாதி காலியான நிலையே சரி. ஒரு கை தொடையில், தலை பின்னால் சாய்ந்து, முதல் லட்டு உதட்டருகிலும் கடைசி லட்டு தட்டை விட்டு எழும்பும் நிலையிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் முன்னால் நடந்ததும் இனி நடக்கப்போவதும் ஒரே பார்வையில் தெரியும். இந்த முடிவுக்கு வர ஒருவர் அந்தக் காட்சியைப் பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாக வேண்டும். ரங்காராவ் சிரிப்பதற்கு முன் தோளை எப்படி உயர்த்துகிறார் என்பதைச் சும்மா பார்ப்பவர் கவனிப்பதில்லை. செய்பவரால் கவனிக்காமல் தப்ப முடியாது. விமர்சகர் பத்துப் பக்கத்தில் எழுதுவதை இவர் ஒரு தோளின் சாய்வில் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் படம் கிடைப்பது இந்த வேலையை வேண்டாததாக்கவில்லை. நிறுத்திப் பார்க்கும் வசதி இப்போதுதானே எல்லாருக்கும் வந்திருக்கிறது?

படத்தால் முடியாத ஒன்றும் பொம்மையால் முடியும். எஸ்.எஸ்.வாசனின் ‘சந்திரலேகா’ (1948) முரசு நடனத்தை நினைத்துப் பாருங்கள். ஏ.கே.சேகர் அமைத்த அந்தப் பெரிய அரங்கில் வரிசை வரிசையாக முரசுகள், அவற்றின் மேல் ஆடும் பெண்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். படம் இந்த இரண்டையும் அடுத்தடுத்துத்தான் காட்ட முடியும்; ரகசியம் கடைசியில் உடைவதே அங்கே சுவை. பொம்மைக் காட்சியில் முன்வரிசை முரசு ஒன்றைப் பாதியாக வெட்டித் திறந்துவைக்கலாம். மேலே நடனமாடும் பாதம், இரண்டு அங்குலம் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கும் வீரன். இரண்டையும் ஒருசேரப் பார்க்கும்போது அந்தக் காட்சியின் அபாயம் புதிதாகப் புரிகிறது. காலத்தில் ஓடும் கலையை இடத்தில் பரப்பிப் பார்ப்பதன் பயன் இதுதான்.

வண்ணத்துக்கு வருவோம்; இந்தக் கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ‘மாயாபஜார்’ கறுப்பு வெள்ளைப் படம். அதன் தெலுங்குப் பதிப்புக்கு 2010-இல் கணினியில் வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். பொம்மை செய்பவர் எந்த மாயாபஜாரைத் தீட்டுவது? கொலு மரபு கண்ணனுக்கு நீலம் என்கிறது. திரையில் அவர் சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளைக் காலத்துக் கலைஞர்கள் வண்ணங்களை அவற்றின் சாம்பல் மதிப்பை வைத்தே தேர்ந்தார்கள். ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தப் படங்களின் அழகு வண்ணத்தில் இல்லை, ஒளி விழும் விதத்தில் இருக்கிறது. கறுப்பையும் வெள்ளையையும் கலந்து ஆறேழு படிகளில் சாம்பல் தயாரித்து, அதைக் கொண்டே முழுக் காட்சியையும் தீட்டுவதுதான் நேர்மையான வழி என்பது என் முடிவு. அப்படிச் செய்த ஒரு பெட்டிக்குள் பார்த்தால், அறைக்குள் ஒரு பழைய படச் சட்டம் கனபரிமாணத்தோடு எழுந்து நிற்பதுபோல இருக்கும். பண்டிகை நாளில் சாம்பல் நிறப் பொம்மையா என்று முகம் சுளிக்கும் வீட்டுப் பெரியவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. படிக்கு வெளியே தனிப் பெட்டியில் வைக்கலாம், அல்லது பழைய புகைப்படத்தின் பழுப்பைக் கலந்து சற்று வெதுவெதுப்பாக்கலாம். நீலக் கண்ணனை வைத்தாலும் குற்றமில்லை. ஆனால் அது படத்தைத் தீட்டியது ஆகாது, கண்ணனைத் தீட்டியது ஆகும்.

தீட்டும் முறையிலும் நம் மரபு ஒரு படி நகர வேண்டியிருக்கிறது. கொலு பொம்மையில் வெள்ளைப் பூச்சு முதலில், அதன் மேல் உடல் நிறம், பிறகு உடை, நகைக்குத் தங்க நிறம், கடைசியில் கண் என்று வரிசை. ஒவ்வொரு நிறமும் தட்டையாக, பளிச்சென்று, தன் எல்லைக்குள் நிற்கும். பத்தடி தூரத்திலிருந்து பார்க்க அது சரி. ஆனால் 4 அங்குல உடலில் சேலை மடிப்புக்குள் விழும் நிழல் இயல்பாக எடுபடாது. அறை விளக்கு சின்ன உருவத்தைச் சுற்றிலும் ஒரேயடியாக நனைத்துவிடும். அதனால் சிற்றுருவம் தீட்டும் வெளிநாட்டுக் கலைஞர்கள் ஒளியையும் நிழலையும்கூடத் தூரிகையாலேயே போடுகிறார்கள். மடிப்பின் ஆழத்தில் நீர்த்த கறுப்பை ஓடவிட்டு, மேட்டில் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தைத் தடவுவார்கள். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்தப் பக்கத்துக் கன்னத்தை மட்டும் வெளுப்பார்கள். பார்ட்லி விளக்கை வைத்துச் செய்ததைத் தூரிகையால் செய்வது இது. நம் பொம்மைக் கலைஞர்களுக்கு இது கைக்கு எட்டாத வித்தை அல்ல. கண் திறக்கும் வேளையில் ஒரே முடியளவு கோட்டில் அருளையும் கோபத்தையும் மாற்றிக்காட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் இதுவரை யாரும் அவர்களிடம் நிழல் கேட்டதில்லை.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. தமிழ்நாட்டில் நடிகருக்குக் கட்டவுட்டும் பாலாபிஷேகமும் போதாதா, இனி வீட்டுக்குள் பொம்மையுமா? ரசிக வெறி நமக்கு எவ்வளவு இழப்பைத் தந்திருக்கிறது என்பதை அறிந்தே இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். என் வாதம் காட்சிக்காகவே தவிர, தனி நடிகரின் சிலைக்காக அல்ல. கட்டவுட் நாயகனை எல்லாரிடமிருந்தும் பிரித்து உயரத்தில் தூக்கிவைக்கிறது. பொம்மைக் காட்சி அவரை மற்றவர்களுக்கு நடுவே, அதே அளவில், ஒரு சூழ்நிலைக்குள் இறக்கிவைக்கிறது. ஏ.பி.நாகராஜனின் ‘நவராத்திரி’ (1964) இதற்கு நல்ல சான்று. சிவாஜி கணேசனின் நூறாவது படம்; ஒன்பது வேடம், ஒன்பது உணர்ச்சி. வீட்டை விட்டு வெளியேறிய ஒரு பெண் அந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகச் சந்திக்கிறாள். இதை ஒன்பது சிவாஜி பொம்மைகளாக வரிசையில் வைத்தால் அது ரசிகர் மன்றத்து வேலை. ஒன்பது படி, படிக்கு ஒரு காட்சி, ஒவ்வொன்றிலும் சாவித்திரி என்று செய்தால் அந்தப் படத்தின் உண்மையான தாங்குதூண் யார் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒன்பது வேடத்துக்கும் ஈடுகொடுத்து, ஒவ்வொன்றிலும் அச்சத்தையும் வியப்பையும் இரக்கத்தையும் மாற்றி மாற்றிக் காட்டியவர் அவர். படத்தின் புகழில் மங்கிப்போன இந்த உண்மையைக் கொலுப்படி மீட்டுத் தரும்.

நடிகரின் முகச்சாயல் வருமா என்ற கவலையும் இங்கேயே தீர்கிறது. 4 அங்குலப் பொம்மையில் தலை அரை அங்குலத்துக்குச் சற்று மேல். அதில் ஒரு நடிகரின் மூக்கை அச்சாகக் கொண்டுவருவதைவிட, அவர் நிற்கும் தினுசைக் கொண்டுவருவது பெரிது. ரங்காராவின் கதாயுதம் தோளில் சாயும் கோணம், சாவித்திரி தலையைச் சற்றுத் திருப்பிக் கண்ணை மட்டும் நிறுத்திவைக்கும் விதம் சரியாக வந்துவிட்டால் யார் என்று எவரும் சொல்லிவிடுவார்கள்.

பக்தியின் பக்கத்திலிருந்து வரும் மறுப்பை அலட்சியமாகப் பேசக் கூடாது. கொலு அம்பிகையின் சன்னிதி. அங்கே சினிமா எதற்கு என்று கேட்பவர்கள் மனப்பூர்வமாகவே கேட்கிறார்கள். ஆனால் கொலுவின் அமைப்பே இதற்கு விடை வைத்திருக்கிறது. கலசமும் தெய்வங்களும் மேலே. கீழே இறங்க இறங்க மனித வாழ்க்கை. அரிசி பருப்பைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செட்டியார் தம்பதியும், புடவை சுற்றிய மரப்பாச்சியும், போலீஸ்காரரும், தரையில் கடுகு முளைக்கவைத்த பூங்காவும் எந்தப் புராணத்திலும் வந்தவர்கள் அல்லர். அந்தந்தக் காலத்து மனிதர்கள் எதைப் பார்த்து வியந்தார்களோ அதைக் கீழ்ப்படியில் வைத்தார்கள். ரயிலைப் பார்த்து வியந்த தலைமுறை ரயிலை வைத்தது. 20-ஆம் நூற்றாண்டுத் தமிழர் சினிமாவைப் பார்த்து வியந்த அளவுக்கு வேறெதைப் பார்த்தும் வியக்கவில்லை. அந்த வியப்புக்குப் பூங்கா ஓரத்தில் ஓர் இடம் இல்லை என்றால்தான் கொலு பொய்யாகும்.

இனி செய்வது யார் என்ற கேள்வி. பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் காஞ்சிபுரம். அங்கே பொம்மைக்காரத் தெரு என்று ஒரு தெருவே இருக்கிறது. பொம்மை செய்யும் பண்ருட்டியும் மதுரைக்கருகே விளாச்சேரியும் தொலைவில், நகரத்துக்குள்ளேயே கொசப்பேட்டை. களிமண்ணை ஊறவைத்து, சலித்து, இரண்டு பாதியான பிளாஸ்டர் அச்சில் அழுத்தி, ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். காகிதக்கூழ் என்றால் சூளை இல்லை, வெயில் போதும். மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு வரைகூடக் குறையும். ஆகவே அச்சைப் பெரிதாக வெட்ட வேண்டும். நீட்டிய கை அச்சுக்குள் மாட்டிக்கொள்ளும் என்பதால் கையைத் தனியாக வார்த்து ஒட்ட வேண்டும். இந்த இரண்டு விதியையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பேட்டர்ன் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். இரும்பு வார்ப்புக்கு அவர் தினமும் செய்வது இதுவேதான். உலோகம் குளிர்ந்து சுருங்குவதற்கு அளவு கூட்டுவதும், அச்சு சிக்காமல் கழல விளிம்பைச் சரிப்பதும் அவருக்குப் பாலபாடம். 1960-களிலிருந்து சைக்கிளுக்கும் மோட்டார் வாகனத்துக்கும் உதிரி பாகம் வார்த்து வளர்ந்த அந்தப் பேட்டையில் டை வெட்டவும், மோல்டு செய்யவும், நூறில் ஒரு மில்லிமீட்டர் பார்க்கவும் தெரிந்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள்.

மூன்றாவது கை பூந்தமல்லியில் இருக்கிறது. வடபழனியின் பெரிய ஸ்டூடியோக்கள் மூடி, வாகினி இருந்த இடத்தில் வணிக வளாகம் வந்த பிறகு, படப்பிடிப்பு ஆற்காடு சாலை வழியே மேற்கே நகர்ந்தது. இன்று பூந்தமல்லி கோகுலம் ஸ்டூடியோவிலும் செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. வளாகத்திலும் செட் போடாத நாள் குறைவு. பிளைவுட்டும் தெர்மாகோலும் பிளாஸ்டரும் கொண்டு கருங்கல் தூணையும் தேக்குக் கதவையும் கண்முன் நிறுத்துகிற தச்சர்கள், மோல்டர்கள், பெயின்டர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். புது மரத்தை ஐம்பது வருஷப் பழையதாக்கும் வண்ணக் கலவை அவர்களுக்கு விரல் நுனியில். சிற்றுருவக் காட்சிக்குப் பின்னணி போடுவதற்கு இவர்களைவிடத் தகுதியானவர் யார்? படப்பிடிப்பு இல்லாத வாரங்களில் இவர்களுக்குக் கூலி இல்லை. பொம்மைக் கலைஞர்களோ ஆண்டு முழுக்க உழைத்துச் சில வாரச் சீசனில் விற்று, அதை வைத்தே அடுத்த ஆண்டைக் கடத்துகிறார்கள். திரைக் காட்சிப் பொம்மைகளுக்கு நவராத்திரி என்ற கெடு இல்லை. பிறந்தநாளுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வாங்குவார்கள். இரு தரப்பாருக்கும் வேலையற்ற மாதங்களை இது நிரப்பும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே, பிசினில் பொம்மையை அச்சடித்துக்கொள்ளலாமே என்பார்கள். உடலை அச்சடிக்கலாம், உண்மை. அதைக்கூட எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. முதல் உருவத்தை இயந்திரத்தில் எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு செய்து, களிமண்ணில் நூறு பிரதி எடுக்கலாம். ஆனால் இதில் ஓர் இழப்பு இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. முதல் உருவத்தைக் கையால் செதுக்கி வாழ்ந்தவரின் பிழைப்பில் கை வைக்கிறோம். அவர் செதுக்கிய பொம்மையை அளந்து இயந்திரத்தில் ஏற்றினால், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அவருக்குப் பங்கு போக வேண்டும். களிமண் பிரதிக்கு வண்ணம் தீட்டுவது அப்போதும் கைவேலைதான். கடோத்கஜனின் கன்னத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் என்று தீர்மானிப்பது மனிதரிடமே இருக்கிறது.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அந்தக் கணக்கில் ‘சந்திரலேகா’வின் காலம் 2008 இறுதியிலும், ‘மாயாபஜா’ருடையது 2017 இறுதியிலும், ‘நவராத்திரி’யுடையது 2024 இறுதியிலும் முடிந்துவிட்டன. பாட்டுக்கும் வசனத்துக்கும் ஓவியத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. நடிகரின் உருவத்தை விற்பனைக்குப் பயன்படுத்துவது வேறு கேள்வி, அதற்குக் குடும்பத்தாரைக் கேட்பதே முறை. ஆனாலும் பழைய தமிழ்ப் படங்களின் பெரும் பொக்கிஷம் ஆண்டுக்கு ஆண்டு பொதுச் சொத்தாகிக்கொண்டே வருகிறது. அதே வேகத்தில் நம் நினைவிலிருந்து உதிர்ந்தும் போகிறது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) கதியும் அதுவே. சில நிழற்படங்கள்தான் மிச்சம். இழந்த படத்தைப் பொம்மை மீட்டுத்தராது. ஆனால் எஞ்சியிருக்கும் நிழற்படம் ஒன்றை வைத்து, உடையையும் அரங்கையும் விசாரித்து, இது நம் ஊகம் என்று எழுதிவைத்து ஒரு காட்சியை நிறுத்தினால், அந்தப் படம் இருந்தது என்பதாவது அடுத்த தலைமுறைக்குத் தெரியும்.

2024-இல் தமிழக அரசு பூந்தமல்லி அருகே சுமார் 150 ஏக்கரில், 500 கோடி ரூபாய்த் திட்டமாக நவீன திரைப்பட நகரம் அமையும் என்று அறிவித்தது. படப்பிடிப்புத் தளம், பிந்தைய தயாரிப்புக் கூடம், கணினி வரைகலை வசதி எல்லாம் வரட்டும். அதற்குள் ஒரு சிற்றுருவக் கூடத்துக்கு அரை ஏக்கர் ஒதுக்குவது பெரிய செலவல்ல. தற்காலப் படங்களின் கலை இயக்குநர்கள் செட் போடுவதற்கு முன் செய்யும் மாதிரி வடிவங்கள் படம் முடிந்ததும் காணாமல் போகின்றன. அவற்றை வாங்கி வைக்க அங்கே ஒரு களஞ்சியம் வேண்டும். பக்கத்திலேயே ஒரு பட்டறை. காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு பொம்மைக் குடும்பங்கள், அம்பத்தூரிலிருந்து ஒரு பேட்டர்ன் கலைஞர், படப்பிடிப்புத் தளத்திலிருந்து ஒரு மோல்டர், ஒரு பெயின்டர். இவர்களுக்கு மாதச் சம்பளம், வடிவத்துக்கு உரிமைப் பங்கு, பூம்புகார் கடைகள் வழியே விற்பனை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போவதுபோல இங்கேயும் அழைத்துவந்து, ஆளுக்கொரு காட்சியைத் தேர்ந்து நிறுத்தச் சொல்லலாம். முதல் வேலையாக ‘சந்திரலேகா’வின் முரசு அரங்கத்தை எடுத்துக்கொள்வதே பொருத்தம். அதை எடுத்த ஜெமினி ஸ்டூடியோ இன்று இல்லை; அது இருந்த இடத்துக்கு அருகே அதன் பெயரால் அழைக்கப்படும் மேம்பாலம் நிற்கிறது. நிழற்படங்கள் இருக்கின்றன, படம் இருக்கிறது, படத்துக்கான உரிமைத் தடையும் நீங்கிவிட்டது. முரசுகளை எண்ணி, ஆடுபவர்களின் வரிசையைக் காகிதத்தில் குறித்து, எந்த முரசைப் பாதியாக வெட்டுவது என்று முடிவு செய்தால் அச்சு வேலையைத் தொடங்கிவிடலாம்.